வேற்று மொழி, வேற்று மதம், வேற்று ஊர்: நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் போதகர்கள், அருட்சகோதரிகள், சபைத் தன்னார்வலர்கள் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேலூரைப் போன்ற ஊரில் இந்தக் கேள்விகள் வராத நாளே இல்லை. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் வங்காள எழுத்துப் பலகை தொங்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கையில் ஃபைலோடு நிற்பார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

மேய்ப்புப் பணியும் கவுன்சலிங்கும் ஒன்றா?

இல்லை. நோய், சாவு, குடும்பப் பிரச்சினை, வேலை போன நேரம் என்று ஒருவர் நொந்திருக்கும்போது நம்பிக்கையின் பேரில் அவரோடு கூட இருப்பது மேய்ப்புப் பணி. போய்ப் பார்ப்பது, பக்கத்தில் உட்காருவது, கேட்டால் ஜெபிப்பது, ஆம்புலன்ஸ் பிடித்துக் கொடுப்பது எல்லாமே இதில் அடங்கும். கவுன்சலிங் அதற்குள் வரும் ஒரு பகுதி. நேரம் குறித்து, பயிற்சி பெற்ற ஒருவர், முறையாகப் பேச வைத்துக் கேட்பது.

மருத்துவமனைக்குள் இதைப் பயிற்சியாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920இல் அவரே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மீண்டவர். 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை வரவழைத்து, வேதப் புத்தகத்தை எவ்வளவு கவனமாக வாசிக்கிறீர்களோ அவ்வளவு கவனமாக நோயாளியையும் வாசியுங்கள் என்று பழக்கினார். இன்றைக்கும் நாம் நடக்கும் பாதை அதுதான். ஆனால் அங்கே வளர்ந்த முறை, ஒரு தனி மனிதர், ஒரு தனி அறை, அவருடைய முடிவு அவருடையது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. நம் வார்டில் கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள். கேள்வி நோயாளியிடம் கேட்டால் பதில் பெரியப்பாவிடமிருந்து வரும். கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கு இதுதான் தொடக்கம்.

துக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே? இதில் பண்பாட்டை ஏன் இழுக்க வேண்டும்?

துக்கம் ஒன்றுதான். அதை வெளியே காட்டும் விதம் ஒன்றல்ல. நாம் தப்பாகப் புரிந்துகொள்வது அந்த விதத்தைத்தான்.

ஒரு மாலை, வார்டில் இறந்துபோன மிசோ பெரியவரின் குடும்பம் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போயிருந்தேன். ஊரில் படிக்கும் மிசோ மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அறைக்குள் இடம் இல்லாமல் வராந்தா வரைக்கும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் கொஞ்சம் அமைதி, பிறகு யாராவது அடுத்ததை எடுப்பார்கள். லாட்ஜ் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க இது, செத்த வீட்டுல ஒருத்தரும் அழல, கச்சேரி மாதிரி பாடிட்டிருக்காங்க" என்றார். மிசோரமில் துக்க வீட்டில் ஊரே கூடி, அதற்கென்றே இருக்கும் பாடல்களை மாலைகளில் சேர்ந்து பாடுவார்கள். இறந்தவரின் வீட்டாரைத் தனியே விடக் கூடாது என்பதுதான் அதன் பொருள். 1935இல் தொடங்கிய யங் மிசோ அசோசியேஷன் ஊருக்கு ஊர் குழி வெட்டுவது முதல் துக்க வீட்டுக்குத் துணை இருப்பது வரை பார்த்துக்கொள்கிறது. நம் வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பது எந்த வேலையைச் செய்கிறதோ, அங்கே இந்தப் பாட்டு அந்த வேலையைச் செய்கிறது. இதைச் சொன்னதும் மேனேஜர் பக்கத்து அறைக்காரர்களிடம் அவரே போய்ப் பேசினார்.

அதே வாரம் இன்னொரு வார்டில் ஒரு முஸ்லிம் தந்தை, மகன் இறந்த செய்தி கேட்டு, குரல் உயர்த்தாமல், சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் "இன்னாலில்லாஹி" என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் தன்னார்வலர் ஒருவர், "அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, அழ வைக்க வேண்டும்" என்றார். தேவையே இல்லை. வாய்விட்டு ஓலமிடுவது தவிர்க்கப்பட வேண்டியது என்று இஸ்லாமிய மரபு சொல்கிறது. அவர் காட்டிய அடக்கம் அவருடைய நம்பிக்கை. அதை நோயாகப் பார்த்தால் ஆறுதல் சொல்லப் போனவரே பாரமாகிவிடுவார்.

கானாவைச் சேர்ந்த இறையியலாளர் இம்மானுவேல் லார்ட்டே, மானுடவியலில் இருந்து ஒரு கருத்தை எடுத்து இந்தப் பணிக்குக் கொண்டுவந்தார். எந்த மனிதரும் சில விஷயங்களில் எல்லோரையும் போன்றவர், சில விஷயங்களில் தம் மக்களைப் போன்றவர், சில விஷயங்களில் வேறு யாரையும் போலில்லாதவர். மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழக வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால் "எனக்குத் தெரியும்மா உங்க கஷ்டம்" என்று தொடங்குவோம். இரண்டாவதை மட்டும் பார்த்தால் "வங்காளிகள் இப்படித்தான்" என்று முத்திரை குத்துவோம். மூன்றாவதை மறந்தால், எதிரே இருப்பவர் யார் என்றே தெரியாமல் திரும்பி வருவோம்.

அப்படியானால் ஒவ்வொரு சமூகத்தின் வழக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1978இல் மருத்துவர்களுக்காகச் சில கேள்விகளை வகுத்தார்கள். நமக்கும் அவை நன்றாகப் பொருந்தும். பேச்சுத் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" "ஏன் இப்போ வந்துச்சு?" "இதுல உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கிறது எது?" "எப்படி சரியானா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

பயத்தைப் பற்றிய கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். புற்றுநோய் நோயாளியின் பெரிய பயம் சாவாக இருக்கும் என்று நாம் நினைப்போம். விற்ற நிலத்தை மீட்க முடியுமா, மூத்த மகளின் கல்யாணம் நின்றுவிடுமா, ஊருக்குத் திரும்பும் முன்பே இங்கேயே போய்விடுவேனா என்று அவர் சொல்லுவார். மனவருத்தம் உடம்பு வலியாகவும் வரும். "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்பார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, அந்த வலி எப்போது கூடுகிறது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் மெல்லக் கேளுங்கள்.

மொழியே தெரியாதபோது போய் என்ன பிரயோஜனம்?

உண்டு. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுங்கள். வங்காளத்தில் தாதா, தீதி. இந்தி பேசுகிறவர்களுக்கு பைய்யா, தீதி. மிசோ பெரியவரின் பெயருக்கு முன் 'பு', பெண்மணி என்றால் 'பி' சேர்ப்பது மரியாதை. நின்றபடி பேசாமல், நாற்காலி இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள்.

தொடர்ந்து பேச வேண்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குழந்தைகளை ஒருபோதும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அப்பாவின் கட்டி பரவிவிட்டது என்ற செய்தியைப் பத்து வயது மகனின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அந்தப் பையன் அதை ஆயுளுக்கும் சுமப்பான். வயதுவந்த உறவினர் மொழிபெயர்த்தால் கெட்ட செய்தி பாதியில் இனிப்பாகிவிடும், பெண்கள் சொல்வது சுருங்கிவிடும். முடிந்தால் வெளியாள் ஒருவரைத் தேடுங்கள். தொடங்கும் முன், "அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், அறிவுரை சேர்க்காதீர்கள்" என்று மொழிபெயர்ப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள். முடிந்த பிறகு மொழிபெயர்த்தவரையும் ஒரு டீ குடிக்கக் கூட்டிப்போங்கள். கேட்டதெல்லாம் அவர் மனதிலும் ஏறியிருக்கும்.

வேறு மதத்தவருக்கு ஜெபிக்கலாமா?

கேட்டுவிட்டு. எப்போதும் கேட்டுவிட்டு. இதில் நான் கறாராக இருக்கிறேன், காரணம் உண்டு. தெருவில் நம் பேச்சு பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். சலைன் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரால் எழுந்து போக முடியாது. போதாததற்கு, வேண்டாம் என்றால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் அவர் சொல்லும் "சரி"யையும் கவனித்துப் பார்க்க வேண்டும். முகம் திருப்பிக்கொண்டு சொன்ன சரி, சரி அல்ல.

"உங்களுக்காகப் பிரார்த்தனை பண்ணட்டுமா, இல்லை சும்மா கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?" என்று இரண்டு வழி கொடுத்துக் கேட்டால், மறுப்பது சுலபமாகும். பலர் விரும்பியே கேட்பார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் மதம் பார்க்காமல் போகிற ஊர் இது. அப்படிக் கேட்டால் சுருக்கமாக, அவர் கேட்டதற்காக மட்டும் ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் வேண்டாம். கேட்காமல் தலையில் கை வைக்க வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், மேசையில் துண்டுப்பிரதி வைத்துவிட்டு வர வேண்டாம். அவருக்குத் தம் மதத்தவர்தான் வேண்டும் என்றால், பள்ளிவாசல் இமாமையோ கோயில் பூசாரியையோ அழைத்து வர உதவுவதும் நம் பணிதான். அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகச் சிறந்த பணியும் அதுவே.

"செய்வினை வெச்சுட்டாங்க" என்கிறார்கள். மறுத்துப் பேசலாமா?

வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். அந்தப் பேச்சுக்குள் ஒரு கதை இருக்கும். யார் வைத்தார்கள் என்று நினைக்கிறார்கள்? பங்காளியா, மருமகளா? எப்போதிலிருந்து பேச்சு நின்றது? நோயைப் பற்றிக் கேட்டால் வராத குடும்பப் பிளவு இங்கே வெளியே வரும்.

மருந்தை நிறுத்துகிறார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கையின் பேரில் மருத்துவத்தையும் மனித உரிமையையும் மறுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தப் பெயர் போதும். அதற்காக வழிபாட்டுத் தலங்களை எல்லாம் எதிரியாக்கவும் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் ஒரு ஆய்வு வெளியானது. கட்டிப்போடாமல், அன்பான சூழலில், கோயில் வேலைகளைச் செய்துகொண்டு இருந்தவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கும்படி மனநலச் சிகிச்சை தொடங்கப்பட்டது. "மந்திரிக்கணும்னா மந்திரிச்சுக்குங்க, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்பதுதான் நாங்கள் சொல்லித் தரும் வாக்கியம்.

குடும்பத்தார் "அவருக்குச் சொல்லிடாதீங்க" என்கிறார்கள்.

நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை, நம்முடையது அல்ல. ஆனால் பொய் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. குடும்பத்தின் மேல் கோபப்படுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். "கேட்டா உடைஞ்சுடுவார்" என்பார்கள். அது பாசம்தான், மறைக்கும் சூழ்ச்சி அல்ல. பிறகு நோயாளியிடம், "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்ட நேரா சொல்லணுமா, வீட்ல யார்கிட்டயாவது சொன்னா போதுமா?" என்று கேட்கலாம். சிலர் "தம்பிகிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். சிலரோ நம் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாத மாதிரி இருக்கேன்" என்பார்கள். அங்கே குடும்பத்தையும் நோயாளியையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான் வேலை.

சாவு நேரத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். கேட்க நேரமில்லாமல் போகும்போது உதவும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

முஸ்லிம் என்றால், கடைசி நேரத்தில் முகத்தை மக்கா இருக்கும் திசையான கிப்லா பக்கம் திருப்பவும், காதில் நம்பிக்கை வாக்கியமான கலிமா சொல்லவும் விரும்புவார்கள். கட்டிலைத் திருப்ப முடியுமா என்று நர்ஸிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆண் உடலை ஆண்களும் பெண் உடலைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள். அடக்கம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதால் சான்றிதழ் தாமதம் பெரிய வேதனை. உள்ளூர் ஜமாத்துக்குத் தகவல் சொன்னால் உடலைப் போர்த்தும் கபன் துணி முதல் அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வரை உதவி கிடைக்கும்.

வங்காள இந்துக் குடும்பம் என்றால் வாயில் கங்கை நீரும் துளசியும் விட விரும்பலாம். ஐசியூவிலும் ஒரு சொட்டுக்கு அனுமதி கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இயற்கையை வணங்கும் சர்ணா வழிபாட்டைப் பின்பற்றும் ஜார்க்கண்டின் முண்டா பழங்குடி மக்களிடம், இறந்தவரின் நிழலை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் சடங்கு உண்டு. வெகுதூரத்தில் நடந்த சாவு அவர்களுக்கு ஏன் அவ்வளவு அமைதியின்மை தருகிறது என்பது இதைத் தெரிந்தால் புரியும்.

வடகிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு உடலை ஊருக்குக் கொண்டுபோவதே முதல் கவலை. "இங்கேயே அடக்கம் பண்ணிடலாமே, செலவு மிச்சம்" என்று நல்லெண்ணத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். விமானத்தில் அனுப்ப இறப்புச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, போலீஸின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. ஆகியவை வேண்டும். பாஷை தெரியாத ஊரில் இந்த மூன்று தாள்களுக்காக அலைகிறவரோடு கூடப் போவது, ஒரு மணி நேர ஆறுதல் பேச்சைவிடப் பெரிது.

திருப்பூர், கோவைப் பக்கம் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களை எப்படி அணுகுவது?

அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு என்பதே நம் சபைகள் பலவற்றுக்குத் தெரியாது. ஜார்க்கண்டின் ராஞ்சிப் பக்கம் ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் மிஷனரிகள் 1845இல் வந்தார்கள். முண்டா, ஓராவோன் பழங்குடி மக்களிடையே அவர்கள் வழி வந்த லுத்தரன் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆழமாக வேரூன்றியவை. ஓராவோன்களின் குருக் மொழி தமிழைப் போலத் திராவிடக் குடும்பத்து மொழி. நம் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போகும் பையன், நான்கு தலைமுறைக் கிறிஸ்தவனாக இருக்கலாம். அவனுக்கு உபதேசம் தேவையில்லை. ஞாயிறு மதியம் ஒரு சாப்பாடும், இந்தியில் ஒரு ஆராதனைக்கு இடமும் கொடுங்கள்.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். அந்த வாரம் ஒரு முகமாவது தெரிந்தவர்கள் கொஞ்சம் தைரியமாக இருந்தார்கள். உறவு முன்பே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பேரிடருக்குப் பின் வெளியூரிலிருந்து உதவப் போகிறோம். கவுன்சலிங் தொடங்கிவிடலாமா?

பொறுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னாலேயே இலங்கைக்கும் நம் கரைக்கும் எங்கிருந்தெல்லாமோ ஆலோசகர்கள் வந்து, நடந்ததைச் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்றார்கள். மீனவக் கிராமத்தில் எதுவும் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியாகத்தான் நடக்கும். படகும் வலையும் போன பயமும், முறையான சடங்கு இல்லாமல் மொத்தமாகப் புதைக்கப்பட்ட உடல்களின் நினைவும்தான் அவர்களை வாட்டின. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகள், அந்த மக்களின் சொந்த ஆறுதல் வழிகளை முதலில் பலப்படுத்தச் சொல்கின்றன. இறந்தவர்களுக்கு ஊர் கூடி ஒரு திதியோ பூசையோ நடத்த உதவுவதை நான் முதல் வேலையாக வைப்பேன்.

தமிழருக்குத் தமிழர் என்றால் இந்தச் சிக்கல் இல்லையே?

இங்கேதான் அதிகம். மொழி ஒன்று என்பதால் கேட்கவே மாட்டோம்.

சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சபையில் வளர்ந்த தலித் பெண்ணிடம் ஆதிக்க சாதிப் போதகர் போய், "மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டும்மா" என்றால் அவர் ஏன் கொட்ட வேண்டும்? அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அவமானத்தைப் பற்றிச் சொன்னால், "அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா" என்று குறுக்கே பேசாதீர்கள். நம்பிக்கை வந்தால் வரும். வராவிட்டால் அவருக்கு நியாயம் இருக்கிறது.

ஈழத்தமிழர் விஷயம் வேறு. இங்கே மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களிடமோ, வன்னியில் இருக்கும் உறவினர்களிடமோ பேசும்போது, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் வரும். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார் சாலையோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. மரணச் சான்றிதழை ஏற்கப் பலர் மறுத்தார்கள். மகனின் படத்துக்கு மாலை போட மறுக்கிறவர்கள் உண்டு. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத இழப்பை, வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகிய பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனி வகையாகவே பிரித்தார். அதற்கு முடிவு என்று ஒன்று இல்லை. எனவே "ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா" என்றோ "ஆத்துமா சாந்தியடையட்டும்" என்றோ சொல்லக் கூடாது. அந்தத் தாயின் காதில் அது மகனை நாமே கொன்றதாக விழும். "மகன் எப்படி இருப்பார், சொல்லுங்கோ" என்று கேளுங்கள். நிகழ்காலத்தில் பேசினால் அவர்களோடு நாமும் நிகழ்காலத்தில் பேச வேண்டும்.

கேட்டதை யாரிடமும் சொல்லாமல் காக்க வேண்டுமா?

ஆம். சபையில் "ஜெப விண்ணப்பம்" என்ற பெயரில் வெளியே விடுவதும் மீறல்தான். இரண்டு விலக்கு உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம் என்று எந்தப் பண்பாட்டைக் காட்டினாலும் இதில் மாற்றமில்லை. அடுத்தது தற்கொலை எண்ணம். தயங்காமல் நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் சேருங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் பயந்தால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைத் தண்டிக்க நினைக்கவில்லை, அவருக்குச் சிகிச்சை தரவே சொல்கிறது என்று விளக்குங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸில் இருபது மொழிகளில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். வங்காளமும் இந்தியும் அதில் உண்டு.

பெண் நோயாளியை ஆண் போதகர் பார்க்கலாமா?

பார்க்கலாம். திரைச்சீலை திறந்திருக்கட்டும், அவர் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், கை நீட்ட வேண்டாம். முடிந்தவரை ஒரு சகோதரியைக் கூட்டிப்போங்கள். மாமியார் முன் பேசாததை அவரிடம் பேசுவார்கள்.

எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? எத்தனை முறை போக வேண்டும்?

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் மறுபடி வருகிறேன் என்று சொன்னால் சொன்ன நாளில் போய்விட வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும், ஊரில் யாரோடு மனம் விட்டுப் பேசுவார் என்று கேளுங்கள். அந்த ஊர்ப் போதகரோ, இமாமோ, பள்ளி ஆசிரியரோ, சித்தியோ, யாராக இருந்தாலும் சரி. நோயாளி சம்மதித்தால், அவர் காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டு, மருந்தின் பெயரும் அடுத்த செக்கப் தேதியும் சொல்லிவிடுங்கள்.